கை முதலில், பென்சில் பிறகு

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரத்திலேயே தமிழ்நாட்டின் பல வீடுகளில் ஒரு மாலை நேரப் போர் தொடங்கி விடுகிறது. ஒரு பக்கம் எல்.கே.ஜி. படிக்கும் மூன்றரை வயதுக் குழந்தை. இன்னொரு பக்கம் நாள் முழுவதும் வேலை பார்த்துக் களைத்துப் போன அம்மாவோ அப்பாவோ. நடுவில் ஒரு நாலு கோடு நோட்டு. "பென்சிலை ஒழுங்கா பிடி", "கோட்டைத் தாண்டாதே", "இன்னும் ரெண்டே ரெண்டு வரிதான் கண்ணு"... குழந்தை அழுகிறது. கடைசியில் குழந்தையின் கையைத் தன் கைக்குள் பிடித்துக் கொண்டு பெரியவரே எழுதி முடித்து விடுகிறார். மறுநாள் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு 'குட்' விழுகிறது. அந்த 'குட்' யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்!

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழியைத்தான் இதற்கு எல்லோரும் துணைக்கு அழைக்கிறார்கள். சின்ன வயதிலேயே எழுதிப் பழகினால் கையெழுத்து நன்றாக வரும் என்பது பெற்றோரின் நம்பிக்கை. நம்பிக்கையில் தவறில்லை. ஆனால் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. எழுதி எழுதிக் கை பழகுவதில்லை. பழகிய கைதான் எழுதுகிறது. குழந்தை பென்சிலைச் சரியாகப் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் தயாராக வேண்டியது நோட்டு அல்ல, கை. இதை மறந்துவிட்டு மூன்று வயதிலேயே பென்சிலைத் திணிப்பதால்தான் பல குழந்தைகளுக்குத் தவறான பிடியும், எழுத்தின் மீது வெறுப்பும் ஒன்றாகவே ஒட்டிக் கொள்கின்றன.

நல்ல பிடி என்பது எது?

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பென்சிலின் இரு பக்கமும் பற்றிக் கொள்கின்றன. நடுவிரல் அடியில் இருந்து தாங்குகிறது. மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்கி, காகிதத்தின் மேல் ஓய்வாகச் சாய்ந்திருக்கின்றன. இதைத்தான் மூவிரல் பிடி என்கிறார்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் இதைப் பரிந்துரைக்கவில்லை. இந்தப் பிடியில் எழுதும்போது பெரும்பாலும் விரல்கள் மட்டும்தான் அசைகின்றன. சின்னச் சின்ன வளைவுகளைக் குறைந்த உழைப்பில் போட முடிகிறது. பென்சிலை முஷ்டிக்குள் வைத்துப் பிடித்தாலோ ஒவ்வொரு சுழிக்கும் மணிக்கட்டும் முழங்கையும் தோளும் சேர்ந்து அசைய வேண்டும். அரைப் பக்கத்திலேயே கை வலித்து விடும். இந்த வேறுபாடு எல்.கே.ஜி.யில் தெரியாது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து பொதுத்தேர்வு எழுதும்போது நன்றாகவே தெரியும்.

இந்தப் பிடி ஒரே நாளில் வருவதில்லை. ஒரு வயது, ஒன்றரை வயதில் குழந்தை கிரையானை முழுக் கையாலும் இறுகப் பிடித்துக் காகிதத்தில் குத்துகிறது. இரண்டு, மூன்று வயதில் விரல்கள் கீழே நுனியை நோக்கி வருகின்றன. ஆனாலும் கோடு போடுவது முழுக் கைதான். ஏறத்தாழ மூன்றரை, நான்கு வயதில் மூன்று விரல்களும் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. ஆனால் அப்போதும் விரல்கள் விறைப்பாகவே இருக்கும், மணிக்கட்டுதான் அசையும். நாலரை வயதிலிருந்து ஆறு, ஏழு வயதுக்குள்தான் விரல்கள் தனித்து அசையத் தொடங்குகின்றன. சில குழந்தைகளுக்கு இது முன்னதாக வரும், சிலருக்குச் சற்றுப் பின்னதாக வரும். நடக்கப் பழகுவது போலத்தான் இதுவும். பத்து மாதக் குழந்தை தவழ்கிறது என்பதற்காக யாரும் அதை அடிப்பதில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தை முஷ்டியால் பென்சிலைப் பிடித்தால் மட்டும் அது குற்றமாகி விடுகிறது!

உடலின் உள்ளே பார்த்தாலும் கை எவ்வளவு நிதானமாக வளர்கிறது என்பது புரியும். பெரியவர்களின் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உள்ளன. குழந்தை பிறக்கும்போது அவை அனைத்தும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பிறகு ஒவ்வொன்றாக எலும்பாக மாறத் தொடங்கி, கடைசி எலும்பு தோன்றும்போது வயது எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் ஆகிவிடும். எலும்பு முற்றிய பிறகுதான் எழுத வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. பெரியவர்களின் கையைச் சிறிதாக்கி வைத்தது போன்றதல்ல குழந்தையின் கை, அது இன்னும் கட்டி முடிக்கப்படாத கை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இன்னொரு விஷயமும் உண்டு. உடலின் கட்டுப்பாடு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வளர்கிறது. முதலில் தோள், பிறகு முழங்கை, அதன் பிறகு மணிக்கட்டு, கடைசியாக விரல்கள். தோள் உறுதியாக நிற்காத குழந்தையின் விரல் நிதானமாக அசையாது. அதனால்தான் மரத்தில் தொங்குவது, கை ஊன்றித் தவழ்வது, மண் அள்ளிக் கொட்டுவது எல்லாம் எழுத்துக்குத் தொடர்பில்லாதவை போலத் தோன்றினாலும் எழுத்துக்கு அடித்தளம் போடுகின்றன.

மணலும் பலப்பமும்

முன்பு தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் குழந்தையின் கையில் முதலில் எழுதுகோலைக் கொடுப்பதில்லை. மணலைப் பரப்பி, விரலால் எழுத வைத்தார்கள். விஜயதசமி அன்று தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. மணலில் எழுதினால் விரல் நுனிக்கு எழுத்தின் வடிவம் நேரடியாகத் தெரிகிறது. தவறினால் ஒரு தடவு தடவினால் போதும். அழிரப்பரும் வேண்டாம், அழுகையும் வேண்டாம்.

இந்த மணல் எழுத்து கடல் கடந்து போன கதையும் சுவையானது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அனாதைக் குழந்தைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையே தன் விடுதியிலும் கொண்டு வந்தார். தெரிந்த மாணவன் தெரியாத மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்தார். 1797-ல் லண்டனில் இதைப் பற்றி அவர் புத்தகம் வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. சென்னை மணலில் எழுதிய விரல்களைப் பார்த்து இங்கிலாந்துக் குழந்தைகள் மணல் தட்டில் எழுதினார்கள்!

பிறகு வந்தது சிலேட்டும் பலப்பமும். வகுப்பில் பாதிப் பேர் பலப்பத்தைத் தின்று தீர்த்தார்கள் என்பது வேறு கதை. மிச்சமிருக்கும் துண்டு ஒரு அங்குலம்தான் இருக்கும். அவ்வளவு சிறிய துண்டை முஷ்டியால் பிடிக்கவே முடியாது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளித்தான் பிடிக்க வேண்டும். யாரும் சொல்லாமலேயே பிடி சரியாகி விடும். சிலேட்டின் சொரசொரப்பு விரலுக்கு எதிர்ப்பைக் கொடுக்கும். அதனால் விரல் வலுப்பெறும். கோவை இலையையும் அடுப்புக்கரியையும் கசக்கித் தேய்த்து சிலேட்டைக் கறுப்பாக்குவதும் கைக்கு ஒரு பயிற்சிதான். இன்று அமெரிக்காவில் கையெழுத்துப் பயிற்சி தரும் 'ஹேண்ட்ரைட்டிங் வித்தவுட் டியர்ஸ்' என்ற பாடமுறை சின்னச் சிலேட்டையும் சாக்பீஸ் துண்டையும் ஈரப் பஞ்சையும்தான் குழந்தைகளுக்குக் கொடுக்கிறது.

பழைய பள்ளிகள் எல்லாமே பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. அங்கே பிரம்பும் இருந்தது, கோதண்டமும் இருந்தது. பல சாதிப் பிள்ளைகளும் பெரும்பாலான பெண் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் ஏறவே முடியவில்லை. அவற்றைத் திரும்பக் கொண்டு வர வேண்டியதில்லை. மணலையும் சிலேட்டையும் மட்டும் எடுத்துக் கொண்டால் போதும்.

மரியா மாண்டிசோரியின் வரலாறும் சென்னையோடு தொடர்புடையது. அவர் 1939-ல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் இங்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையில் குழந்தை பென்சிலைத் தொடுவதற்கு வெகு முன்பே, மேலே சிறு குமிழ் வைத்த மர உருளைகளை எடுத்து அதனதன் குழியில் பொருத்தி விளையாடுகிறது. அந்தக் குமிழைப் பிடிக்க மூன்று விரல்கள் தேவை. பென்சிலைப் பிடிக்க வேண்டிய அதே மூன்று விரல்கள்! உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கிறது. பென்சில் கைக்கு வரும்போது கை ஏற்கெனவே தயாராகி விட்டிருக்கிறது. அப்படிப் பழகிய குழந்தைகள் நாலரை, ஐந்து வயதில் தாங்களாகவே எழுத ஆரம்பித்தார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். ஆகவே கேள்வி எந்த வயதில் எழுதுவது என்பது மட்டுமல்ல. எதற்குப் பிறகு எது என்பதே.

வீட்டிலிருந்து காணாமல் போனவை

ஒரு தலைமுறைக்கு முன்பு குழந்தைகளின் விரல்களுக்கு வேலை தானாகவே கிடைத்தது. பல்லாங்குழியில் புளியங்கொட்டைகளை அள்ளி, ஒவ்வொன்றாகக் குழியில் போட வேண்டும். கையில் இருக்கும் மற்ற கொட்டைகள் சிந்தாமல் ஒரு கொட்டையை மட்டும் கட்டைவிரலால் தள்ளிவிடுவது எவ்வளவு நுட்பமான வேலை! ஐந்தாங்கல், சோழி, கோலி எல்லாமே இப்படித்தான். பாட்டி பூ கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து இரண்டிரண்டு பூவாக எடுத்துக் கொடுப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, பட்டாணி உரிப்பது, வேர்க்கடலை உடைப்பது என்று எத்தனையோ இருந்தன. கோலமாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே கிள்ளி எடுத்துச் சீராக விடும் கையைப் பார்த்தால், அது கிட்டத்தட்ட பென்சில் பிடிக்கும் கைதான் என்பது புரியும்.

இன்று பட்டாணி உரித்தே வருகிறது. பூ கட்டியே வருகிறது. சட்டைக்குப் பொத்தானுக்குப் பதில் ஜிப், செருப்பில் வாருக்குப் பதில் ஒட்டும் பட்டை. விளையாட்டு செல்போன் கண்ணாடியில் தேய்ப்பதாகச் சுருங்கி விட்டது. கண்ணாடியில் தேய்க்க ஒரு விரல் போதும், வலுவும் தேவையில்லை. 

எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு சாப்பாட்டுத் தட்டில் நடக்கிறது. சோற்றைப் பிசைந்து, விரல் நுனிகளால் சேர்த்து எடுத்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டு போவது ஒரு நாளைக்கு மூன்று முறை இலவசமாகக் கிடைக்கும் விரல் பயிற்சி. ஆனால் நான்கு, ஐந்து வயது வரை செல்போனில் பாட்டைப் போட்டுக் காட்டி ஊட்டி விடுவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகி விட்டது. சிந்தும், நேரமாகும் என்ற அவசரம். அதே குழந்தையிடம்தான் சாயங்காலம் நாலு கோட்டுக்குள் அடங்கும்படி எழுதச் சொல்கிறார்கள். சோற்றை எடுக்க நம்பாத கையை, எழுத மட்டும் நம்புவது எப்படி?

என்ன செய்யலாம்?

இதற்காக விலை உயர்ந்த பொருள்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. குழந்தையைத் தானாகச் சாப்பிட விடலாம். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையைக் கொடுத்து உருட்டவும் கிள்ளவும் விடலாம். பழைய செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழிக்கச் சொல்லலாம். துணி காயப் போடும்போது கிளிப் மாட்டும் வேலையைக் கொடுக்கலாம். மூக்கு வைத்த தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செடிக்கு அடிக்கச் சொல்லலாம். சட்டைப் பொத்தானைத் தானே போட விடலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை கொட்டை, மணி போன்றவற்றை வாயில் போட்டுக் கொள்ளும் என்பதால், அவற்றைக் கொடுக்கும்போது பக்கத்திலேயே ஒருவர் இருப்பது அவசியம்.

எழுதுபொருளில் செய்யக் கூடிய எளிய மாற்றம், நீளத்தைக் குறைப்பது. புது கிரையான் பெட்டியை வாங்கியதும் ஒவ்வொரு கிரையானையும் இரண்டாக உடைத்து விடலாம். மனம் வராதுதான்! ஆனால் உடைந்த கிரையான் பலப்பத் துண்டு செய்த வேலையைச் செய்யும். அதில் முஷ்டிக்கு இடமில்லை.

எழுதும் இடத்தையும் மாற்றலாம். தரையில் விரித்த காகிதத்தை விட, செங்குத்தான பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு பின்பக்கமாக வளைந்து, விரல்கள் தாமாகவே சரியான இடத்துக்கு வருகின்றன, தோளும் வலுப்பெறுகிறது. குழந்தைகள் சுவரில் கிறுக்குவது வெறும் குறும்பு அல்ல. அந்த உயரமும் சாய்வும் அவர்கள் கைக்கு வசதியாக இருக்கின்றன. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார் என்பது உண்மைதான். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிச் சுவரில் ஒட்டிக் கொடுத்தால் போதும். செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் பரவியபோது, வகுப்பறைச் சுவரின் கீழ்ப் பகுதியில் குழந்தைகளின் கைக்கு எட்டும்படி கரும்பலகை அமைத்தார்கள். அரசுப் பள்ளிகளில் செய்து காட்டிய இந்த நல்ல விஷயத்தை, கட்டணம் வாங்கும் பள்ளிகள் எத்தனை பின்பற்றின?

நாலரை, ஐந்து வயதில் குழந்தை எழுத ஆர்வம் காட்டும்போது, பிடியைச் சொல்லிக் கொடுப்பது எளிது. பென்சிலின் கூர்முனை குழந்தையைப் பார்த்தபடி மேசையில் வைக்க வேண்டும். கூர் சீவிய இடத்துக்குச் சற்று மேலே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கச் சொல்ல வேண்டும். பிறகு மறு கையால் பென்சிலின் வால் பக்கத்தைத் தள்ளிவிட்டால், அது கவிழ்ந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் வந்து சாய்ந்து கொள்ளும். நடுவிரல் தானாக அடியில் வரும். மோதிர விரலும் சுண்டுவிரலும் நீட்டிக் கொண்டே இருந்தால், ஒரு சிறு காகித உருண்டையை அந்த இரண்டு விரல்களுக்குள் ஒளித்து வைத்துக் கொண்டு எழுதச் சொல்லலாம். குழந்தைகளுக்கு இது ஒரு விளையாட்டு. ஐந்து நிமிடம் போதும். கை வலிக்கும் முன்பே நிறுத்தி விட வேண்டும்.

உட்காரும் முறையும் முக்கியம். பெரியவர்களின் சாப்பாட்டு மேசையில், கால் அந்தரத்தில் தொங்க, மோவாய் மேசை விளிம்பில் இடிக்க எழுதும் குழந்தையால் எப்படியும் நன்றாக எழுத முடியாது. கால் எதன் மீதாவது ஊன்றி இருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்தால், அந்தக் காலக் கணக்குப்பிள்ளை வைத்திருந்தது போன்ற சின்னச் சாய்வு மேசை மிகவும் பொருத்தம்.

எழுத்துகளின் வரிசையையும் யோசிக்கலாம். 'அ' முதல் எழுத்து என்பதால் அதையே முதலில் எழுத வைக்கிறார்கள். ஆனால் அதில் சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு எல்லாம் ஒன்றாக வருகின்றன. 'ட' என்பது இரண்டே கோடு. 'ப' மூன்று கோடு. சொல்வதற்கு 'அ' முதலில் இருக்கட்டும். எழுதுவதற்கு 'ட'வும் 'ப'வும் முதலில் வரலாம். மூன்று வயதில் தமிழும் ஆங்கிலமும், யு.கே.ஜி.யிலேயே ஆங்கிலத்தில் கூட்டெழுத்தும் என்று அடுக்குவது எந்தக் கைக்கும் தாங்காது.

எல்லாக் கையும் ஒன்றல்ல

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மூவிரல் பிடி ஒன்றுதான் சரி, மற்ற எல்லாம் தவறு என்று பிடிவாதம் பிடிப்பதும் இன்னொரு கொடுமை. கனடாவில் நான்காம் வகுப்புக் குழந்தைகள் 120 பேரிடம் நடத்தி 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு விரலால் பிடிப்பவர்களும், கட்டைவிரலைப் பென்சிலின் குறுக்கே வைத்துப் பிடிப்பவர்களும், மூவிரல் பிடிக்காரர்களைப் போலவே வேகமாகவும் தெளிவாகவும் எழுதியது தெரிய வந்தது. எனவே எட்டு வயதுப் பிள்ளை வேறு மாதிரி பிடித்தாலும் வலி இல்லாமல், படிக்கும்படி எழுதினால் விட்டு விடுவதே நல்லது. ஊறிப் போன பிடியை அந்த வயதில் மாற்றுவது கடினம். பலன் குறைவு, மன உளைச்சல்தான் அதிகம்.

இடக்கைக் குழந்தைகளின் துன்பம் தனி. ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். சாப்பாட்டுக்கு வலக்கை என்ற பழக்கத்தின் பெயரால் எழுதும் கையையும் மாற்றச் சொல்லி அடிப்பது இன்னும் முழுவதுமாக ஒழியவில்லை. அந்தக் குழந்தைக்குத் தேவை அடி அல்ல. நோட்டின் மேல்பக்கத்தை வலப்புறமாகச் சற்றுச் சாய்த்து வைப்பதும், எழுதியது கண்ணுக்குத் தெரியும்படி பென்சிலைக் கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்வதும், பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைப்பதும்தான்.

ஆறு வயதுக்கு மேலும் பென்சிலை முஷ்டியால்தான் பிடிக்க முடிகிறது, கொஞ்சம் எழுதினாலே கை வலிக்கிறது, பொத்தான் போடவும் கத்தரிக்கோல் பிடிக்கவும் கூடச் சிரமப்படுகிறது என்றால் அது சோம்பேறித்தனமாக இருக்க வாய்ப்பில்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் காட்ட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயங்கும் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் இதற்கு வழி கேட்கலாம். அங்கே கட்டணம் கிடையாது.

இரண்டு மறுப்புகள்

'எல்லாம் கம்ப்யூட்டரில் தட்டும் காலத்தில் பென்சில் பிடி எதற்கு?' என்று சிலர் கேட்கிறார்கள். கையால் எழுதுவது வெறும் பதிவு செய்யும் வேலை அல்ல. அமெரிக்காவில் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், சில எழுத்துகளைக் கையால் எழுதவும், சிலவற்றைப் புள்ளிக் கோட்டின் மேல் வரையவும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டவும் பழக்கினார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையைப் படம் பிடித்தார்கள். படிப்பதற்குப் பயன்படும் மூளைப் பகுதிகள் தூண்டப்பட்டது தாங்களாகவே கையால் எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான். அதாவது குழந்தை கோணல்மாணலாகத் தானே எழுதும் ஒரு 'ப', புள்ளிகளின் மேல் அழகாகப் போட்ட பத்து 'ப'க்களை விட அதற்கு அதிகம் உதவுகிறது.

'பள்ளிக்கூடம் கேட்காதே, மற்ற பிள்ளைகள் எல்லாம் எழுதுகிறார்களே' என்பது இரண்டாவது மறுப்பு. இதுதான் உண்மையான சிக்கல். பணம் கட்டும் பெற்றோருக்குக் கண்ணுக்குத் தெரியும் கணக்கு வேண்டும்; நிறைந்த நோட்டு அந்தக் கணக்கு. மணலில் விளையாடியதைக் கணக்கு காட்ட முடியாது. ஆகவே பள்ளி எழுத வைக்கிறது. பள்ளி எழுத வைப்பதால் பெற்றோர் வீட்டில் எழுத வைக்கிறார்கள். நாற்பது குழந்தைகளைக் குறைந்த சம்பளத்தில் ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் ஆசிரியையைக் குறை சொல்வதில் பயனில்லை. அவருக்கே இது பிடிக்காமல் இருக்கலாம்.

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. ஒன்றாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்றால், அதற்குக் கீழே இருக்கும் எல்.கே.ஜி. குழந்தைக்கு எப்படிக் கொடுக்கலாம்? ஆனாலும் கொடுக்கிறார்கள், கொடுக்காத பள்ளியைப் பெற்றோர்களே 'அங்கே ஒண்ணும் சொல்லிக் கொடுக்கிறதில்லை' என்று ஒதுக்குகிறார்கள்.

அதனால் மாற்றம் பெற்றோரின் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் 'எத்தனை பக்கம் எழுதினான்?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'தானாகச் சாப்பிடுகிறானா? களிமண்ணில் என்ன செய்தான்? கத்தரிக்கோல் பிடிக்கிறானா? ஓடி ஆட இடம் கொடுக்கிறீர்களா?' என்று நாலு பேர் சேர்ந்து கேட்டால், பள்ளி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்.கே.ஜி.யில் நோட்டும் பென்சிலும் வேண்டாம், சிலேட்டும் கிரையானும் போதும் என்று எழுதிக் கொடுக்கவும் செய்யலாம். வீட்டில் பென்சிலைக் கையில் கொடுத்து அதட்டும் அந்த அரை மணி நேரத்தை, மாவு பிசையவும் துணி கிளிப் மாட்டவும் கொடுத்தாலே போதும். ஐந்து வயதில் அந்தக் கை எழுதத் தயாராக வந்து நிற்கும்.